கீழுதடு

ஆயிரத்தில்தான் ஆரம்பிப்போம். ஆயிரம் என்றால் சத்தத்தின் சுருதி, ரொம்பக் கீழும் இல்லாமல் ரொம்ப மேலும் இல்லாமல் எந்தக் காதுக்கும் தோதான ஒரு சின்னக் கூவல். வலது காது, நாற்பது, அது சத்தத்தின் அளவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தம் புகாத சிற்றறைக்குள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கோதண்டம் கையிலிருந்த பொத்தானை அமுக்கினான், என் மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. கேட்டால் பத்து இறங்கு, கேட்காவிட்டால் ஐந்து ஏறு. எங்கள் தொழிலின் வாய்ப்பாடு இவ்வளவுதான். இதைப் படிக்கத்தான் முப்பத்திரண்டு வயதில், பந்து போட்டுக் காய்த்துப்போன விரலில் மறுபடி பேனாவைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்தில் மூன்று வருஷம் கல்லூரிக்குப் போனேன். முப்பது. விளக்கு. இருபது. விளக்கு. பத்து. விளக்கு. பரவாயில்லையே கோதா என்று நினைத்தேன், ஐம்பது வயதில் பத்து கேட்கிறதே, நினைத்தபோதே எனக்குள் ஒரு பெருமை கிளம்பியது, அவன் காது நன்றாக இருப்பதில் எனக்கென்ன பெருமை, இருக்கத்தான் செய்தது. அந்தக் காதுக்கு ஒரு கஜம் முன்னால் மூன்று சீசன் என் பந்துகள் மட்டை விளிம்பைத் தொட்டுப் போயிருக்கின்றன, நடுவருக்குக் கேட்காதது, எனக்கே கேட்காதது எல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. கேட்டதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு கத்து கத்துவான், அயனாவரம் வரைக்கும் கேட்கும் என்பார்கள். 

காலை எட்டேகாலுக்கு வந்துவிட்டான். நான் ஒன்பதுக்குத்தான் வரச் சொல்லியிருந்தேன். தில்லை நகரில் என் கடைக்கு முன்னால் தோள்பையுடன் நின்றுகொண்டு, உள்ளே பாக்கியம் அக்கா தரை துடைப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். நேரில் பார்த்துப் பதினோரு வருஷம். உடம்பு கொஞ்சம் பருத்திருந்தது, கீப்பருக்கே உரிய அந்த வளைந்த விரல்கள் அப்படியே இருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைக் காட்டிக்கொண்டு. பையிலிருந்து வெண்ணெய் பிஸ்கட் பொட்டலம் ஒன்றை எடுத்து என் சட்டைப் பையில் திணித்தான், உனக்குப் பிடிக்குமே என்று. அதிலேயே நான் விழுந்துவிட்டேன் என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை, அப்போது கண்ணில் தண்ணீர் வந்தது. போன வாரம் போனில் சொன்னதைத்தான் மறுபடி சொன்னான். கிரிக்கெட் சங்கத்தின் நடுவர் பட்டியலில் சேரப்போகிறான், எழுத்துப் பரீட்சை தேறிவிட்டான், கண் பார்த்தாயிற்று, இனிக் காதுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். ஐம்பது முடிவதற்குள் சேர வேண்டும், இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, விட்டால் அப்புறம் இல்லை. மெட்ராஸில் இரண்டு இடத்தில் பார்த்தானாம், மெஷின் சரியில்லையாம். உன்னாண்ட வந்தா ஒழுங்கா பாப்பேன்னு தோணிச்சு, ராத்திரி பஸ்ஸப் புடிச்சிட்டேன் என்றான். கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் அவனுக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் ஆடிய உரக் கம்பெனியை மூடியபிறகு அவன் என்னென்னவோ செய்து பார்த்தான், எதுவும் ஒட்டவில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு ஒட்டியது. எனக்கு மட்டும் ஏன் ஒட்டியது என்பதில் ஒரு குற்ற உணர்வு உண்டு, அவனைப் பார்த்ததும் அது பெரிதாகிவிட்டது, உட்காரக்கூட விடாமல், வா முதலில் இதை முடித்துவிடலாம் என்று நேரே உள்ளே கூட்டிப் போய்விட்டேன்.

இரண்டாயிரம். இருபது, விளக்கு. பத்து, விளக்கு.  கையை மெஷினின் தூக்கிய மூடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். முதல் நாள் பாடமே அதுதான், கையைக் காட்டாதே, விரல் அசைவதைப் பார்த்துப் பொத்தானை அமுக்கிவிடுவார்கள், வேண்டுமென்றே இல்லை, பாவம், காது கேட்கவில்லை என்று சொல்ல யாருக்கு ஆசை. அங்கே என் டீச்சர் அதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். கையை மறைக்க எனக்கா சொல்லித் தருகிறாய் அம்மா. பத்து வருஷம் நான் வயிறு வளர்த்ததே அதில்தான். லெக் ஸ்பின் என்றால் வலதுகை ஆட்டக்காரனுக்கு வெளிப்பக்கமாகத் திரும்புகிற பந்து, அதே ஓட்டம், அதே கை, அதே சுழற்று, ஆனால் மணிக்கட்டைக் கடைசி நொடியில் கவிழ்த்தால் உள்ளே திரும்பும், அதுதான் கூக்ளி. கையைப் பார்த்து இது எது என்று கண்டுபிடித்துவிட்டால் பந்துவீச்சாளன் செத்தான். என் கையை ஒருத்தராலும் படிக்க முடியாது. முதல் டிவிஷனில் அப்படித்தான் பேர். ஒரே ஒருத்தனைத் தவிர. ஸ்டம்புக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பான், கூக்ளி கையைவிட்டுக் கிளம்புகிறபோதே அவன் இடதுகால் நகர்ந்துவிடும், பந்து அவன் கையுறைக்குள் வந்து வீட்டுக்கு வந்தவன் மாதிரி உட்காரும். மூன்று சீசனில் என் பந்தில் பந்தைத் தவறவிட்டு அவன் கொடுத்த பை ரன்களை விரல்விட்டு எண்ணலாம். பேப்பரில்கூட வந்தது, செபாஸ்டினின் கையைப் படிக்கத் தெரிந்த ஒரே கீப்பர் என்று. அதை வெட்டி வைத்திருந்தேன். இங்கிலாந்துக்குப் போகும்போது எடுத்துப்போனேன். யாருக்கும் புரியாத ஒரு கையெழுத்தை ஒருத்தன் மட்டும் படிக்கிறான் என்றால் அது என்ன, நட்பு என்று சொன்னால் போதாது, லீனாவைக் கட்டிக்கொண்டபோதுகூட எனக்கு அந்த நிம்மதி வந்ததில்லை.

நாலாயிரம். இங்கேதான் மாட்டுவார்கள். கேட்ட அளவுகளைத் தாளில் கோடாக இழுத்தால், ஐம்பது வயசுக்காரர்களின் கோடு நாலாயிரத்தில் படிக்கட்டில் கால் தவறினமாதிரி சரியும். பந்து மட்டை விளிம்பை உரசுகிற சத்தம் ஏறக்குறைய இங்கேதான் இருக்கிறது, அதனால் கவனமாகப் போனேன். முப்பது, விளக்கு. இருபது, விளக்கு. பத்து, விளக்கு. பூஜ்யம், விளக்கு. பூஜ்யமா. இருபது வயதுப் பெண்களுக்குக்கூடப் பூஜ்யம் வருவது அபூர்வம். எனக்கே நாலாயிரத்தில் இருபத்தைந்து. கமலவேணி டீச்சர் ஒருத்தருக்குத்தான் இப்படி வரும், உறையூரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார், உள்ளே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார், கோடு நேராக வரும். அவர் மருமகள் மட்டும் சண்டைக்கு வருவாள், வாசலில் காலிங் பெல் அடித்தால் கேட்பதில்லை, குக்கர் விசில் கேட்பதில்லை, ஆனால் நம்மைப் பற்றிப் பேசினால் கேட்டுவிடுகிறது சார் என்று. போன தடவை நான் தாளைக் காட்டி, காது நன்றாகத்தான் இருக்கிறது, அவங்க கவனிக்கிறதில்லை, அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினேன். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். கோதண்டத்துக்கும் பூஜ்யம். ஒரு விளையாட்டுக்காக மைனஸ் பத்துக்குப் போனேன், மெஷினில் அதற்கும் கீழே கிடையாது, வௌவாலுக்குக் கேட்டால் உண்டு. விளக்கு எரிந்தது.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே சுவரில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது, மெஷினின் வயரை அதில் சொருகினால்தான் சத்தம் உள்ளே போகும். தகட்டில் வலது காதுக்கான ஓட்டையும் இடது காதுக்கான ஓட்டையும் இரண்டு மூக்குத் துவாரங்கள் மாதிரி காலியாக இருந்தன. வயர் ஆணியில் சுருட்டி மாட்டியிருந்தது, பொத்தானுக்கான வயர் தனி, அது மட்டும் அதன் இடத்தில் இருந்தது. தரை துடைக்கும்போது பாக்கியம் அக்கா எடுத்து மாட்டுவார், தினமும்தான் மாட்டுவார், நானும் தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாகச் சொருகி, ஹெட்ஃபோனை என் காதில் மாட்டி, ஒவ்வொரு சுருதியையும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆளை உட்கார வைப்பேன். இந்தத் தொழிலுக்கு வந்து ஒருநாள்கூடத் தவறியதில்லை. இன்று தவறியது. வெண்ணெய் பிஸ்கட், ராத்திரி பஸ், உன்னாண்ட வந்தா. பத்து நிமிஷமாக நான் கோதண்டத்தின் காதுக்கு எதையும் அனுப்பவில்லை. ஆயிரம் இல்லை, இரண்டாயிரம் இல்லை, ஒன்றுமே இல்லை. அவன் வெறும் நிசப்தத்துக்குள் உட்கார்ந்திருக்கிறான். ஒரு தடவைகூடத் தப்பாமல் நான் கொடுத்தபோதெல்லாம் அமுக்கியிருக்கிறான்.

கையைப் பார்த்தேன். கை மூடிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. பிறகு எதைப் பார்க்கிறான். அவன் கண் என் முகத்தில் இருந்தது, ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்தது, பழைய சிநேகிதன் ஆசையாகப் பார்க்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், நானும் நடுநடுவே சிரித்துவைத்தேன். அந்தக் கண்ணை நன்றாகப் பார்த்தேன். அது ஆசை இல்லை. குத்தவைத்து உட்கார்ந்து பந்துக்காகக் காத்திருக்கிற கண். வயரைத் தொடாமல், ஒன்றும் தெரியாதவன் மாதிரி மறுபடி ஒன்று கொடுத்தேன், கொடுக்கிறபோது கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்த என் முகத்தைப் பார்த்தேன். கீழுதடு உள்ளே மடிந்தது. இடது ஓரம், ஒரு பல்லுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மடிப்பு, கொடுத்து முடித்ததும் தானாக விரிந்துகொண்டது. விளக்கு எரிந்தது. வாயை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டு கொடுத்தேன். விளக்கு எரியவில்லை. பொத்தானிலிருந்து விரலையே எடுத்துவிட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் மடித்தேன். விளக்கு எரிந்தது. நாற்பத்தொன்பது வருஷமாக என் முகத்தில் இருக்கிற உதடு. மூன்றாவது தடவையும் மடித்தேன், எனக்கே நம்பிக்கை வர வேண்டியிருந்தது. எரிந்தது. சீட்டாட்டத்தில் லீனா எப்போதும் ஜெயிப்பாள், எப்படிடீ என்று கேட்டால் உன் முகம் நல்ல முகம் என்பாள், நான் அதைக் கொஞ்சல் என்று எடுத்துக்கொண்டேன். ஒளிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் உதடு மடியும் போல, கையை மறைக்கிற வேலையில் உதடு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. கூக்ளியை மறைக்கும்போது.

கூக்ளியை மறைக்கும்போது. இங்கேயே நின்றேன், ஏறவும் முடியவில்லை இறங்கவும் முடியவில்லை. அவன் என் கையைப் படிக்கவில்லை. ஒருநாளும் படிக்கவில்லை. ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து, மட்டைக்காரனின் இடுப்புக்குப் பக்கவாட்டில், ஓடி வருகிற என் முகத்தைப் பார்த்திருக்கிறான், உதடு மடிந்தால் இடதுகாலை நகர்த்தியிருக்கிறான். சரி, பார்த்தான், கண் இருக்கிறது பார்த்தான், ஆனால் பந்துவீச்சாளனிடம் கீப்பர் சொல்ல வேண்டாமா, தோள் சாய்கிறது, கால் கோட்டைத் தாண்டுகிறது, இப்படி ஆயிரம் சொன்னானே, ஓவருக்கு ஓவர் நடந்துவந்து காதில் சொன்னானே, ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியில் கறிக்குழம்பு கொண்டுவந்து என் அறையில் உட்கார்ந்து சொன்னானே, இதை மட்டும் ஏன். பிறகு அந்த மேட்ச் வந்தது, வராமல் இருக்குமா, இருபத்தைந்து வருஷமாக வருகிறது, இப்போது வேறு வெளிச்சத்தில் வந்தது. மாநில அணியைத் தேர்ந்தெடுக்க வைத்த மூன்று நாள் மேட்ச். எங்களைப் பிரித்து வேறு வேறு அணியில் போட்டிருந்தார்கள். இடதுகை ஆட்டக்காரன் ஒருத்தன், அதற்கு முன் என்னை ஆடியே அறியாதவன், என் ஒவ்வொரு கூக்ளிக்கும் பந்து கையைவிட்டு வருவதற்குள் காலைத் தூக்கிவிட்டான். லெக் ஸ்பின்னை மரியாதையாகத் தடுத்தான், கூக்ளியை மட்டும் தேடித்தேடி அடித்தான், கம்பிவேலிக்கு வெளியே, வேப்பமரத்துக்கு மேலே. பதினோரு ஓவர், எண்பத்தேழு ரன். அப்போது கோதண்டம் எங்கே இருந்தான். பெவிலியன் வாசலில், பேடு கட்டிக்கொண்டு, நாற்காலியில். சாயங்காலம் அவன்தான் வந்து தோளில் கைபோட்டு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தான். அவன் பேய் புடிச்சவன் மாதிரி ஆடிட்டான்டா, உன் மேல தப்பு ஒண்ணுமில்ல என்றான். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் கடல் தாண்டினேன். கோதண்டம் ஆறு வருஷம் மாநிலத்துக்கு ஆடினான்.

அங்கே வடக்கே ஒரு பழைய மில் ஊரில் சின்னக் கிளப் ஒன்று என்னைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. இரண்டு சீசன் பந்து போட்டேன், மூன்றாவது சீசனில் இன்னொருத்தனைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர் முழுக்கத் தறி ஓட்டிக் காது போன கிழவிகள். ஒருத்தர் உதட்டை ஒருத்தர் பார்த்துப் பேசிக்கொள்வார்கள், தறிச் சத்தத்தில் பழகிய வித்தை, தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சத்தமே இல்லாமல் வம்பு பேசுவார்கள். அவர்களுக்குக் காது பார்க்கிற ஆஸ்பத்திரியில்தான் சக்கர நாற்காலி தள்ளுகிற வேலை கிடைத்தது, அங்கேதான் இந்தத் தொழில் கண்ணில் பட்டது, கையை மறைத்து ஒன்றை அனுப்பிவிட்டு எதிரே இருப்பவன் என்ன செய்கிறான் என்று காத்திருக்கிற தொழில், இது எனக்குத் தெரிந்த வேலைதானே என்று தோன்றியது. அந்தக் கிழவிகள் எத்தனை பேரை நான் சோதித்திருப்பேன். என் உதட்டைப் பார்த்து அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள். இல்லை, அங்கே நாற்காலி சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். ஊருக்குத் திரும்பி இந்தக் கடையைப் போட்டபோதுதான் என்னைப் பார்க்கிற மாதிரி வைத்தேன், நம் ஊர்க்காரர்கள் பெட்டிக்குள் அடைத்தால் பயப்படுகிறார்கள், என் முகம் தெரிந்தால் தைரியமாக இருக்கும் என்று. நல்லதுதானே நினைத்தேன். மெட்ராஸில் இரண்டு இடத்தில் மெஷின் சரியில்லை என்றானே. அங்கே சுவரைப் பார்த்து உட்கார வைத்திருப்பார்கள். இவன் ராத்திரி பஸ் பிடித்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வந்தது என்னைத் தேடி இல்லை. என் உதட்டைத் தேடி வந்திருக்கிறான்.

கதவைத் திறந்தேன். ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து தள்ளிக்கொண்டு, இன்னாடா முடிஞ்சிச்சா, பாஸா என்றான். நாற்காலியைத் திருப்ப வேண்டும், சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் என்றேன். ஏன், என் மூஞ்சி உனக்கு அலுத்துப்போச்சா என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"பிளக் சொருகல கோதா. இவ்ளோ நேரம் உள்ள ஒண்ணுமே வரல."

அவன் ஆணியில் மாட்டியிருந்த வயரைப் பார்த்தான். காலித் தகட்டைப் பார்த்தான். "ஒண்ணுமேவா?" என்றான், மெதுவாக, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரி. அதுதான் என்னைக் கலக்கியது, ஒன்றும் வரவில்லை என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை, நான் உதட்டை மடித்தபோதெல்லாம் எங்கேயோ ஒரு சத்தம் நடக்கிறது, தனக்குத்தான் எட்டவில்லை என்று நினைத்திருக்கிறான். ஹெட்ஃபோனை முழுசாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். என் கீழுதட்டை விரலால் தொட்டுக்காட்டினேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். எது என்று கேட்டுப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான்.

"மொத மேட்ச்சுலயே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திருப்ப." வளைந்த விரல்களால் ஹெட்ஃபோன் வயரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தான். "நீ நிறுத்திட்டா நான் எப்பிடிடா புடிக்கிறது? உன் கை எனக்கு ஒருநாளும் புரிஞ்சதே இல்ல செபா. சத்தியமா. ஒருத்தனுக்கும் புரிஞ்சதில்ல."

இருபத்தைந்து வருஷம் கழித்து ஒருத்தன் என் பந்தைப் பற்றிச் சொன்ன மிகப் பெரிய புகழ்ச்சி அது, அதை யாரிடமிருந்து, எப்போது கேட்கிறேன் பார். அந்த மேட்ச் என்றேன். மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு இரண்டு கீப்பருக்கு ஒரு இடம், அவன் அணியின் காப்டன் வந்து, செபாவோடு கூட ஆடியவனாச்சே ஏதாவது தெரியுமா என்று கேட்டான், கேட்டான் சொன்னேன் என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே. அப்புறம் நிமிர்ந்து, கடையை, மெஷினை, சுவரில் மாட்டியிருந்த என் இங்கிலாந்துப் பட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். நீ நல்லாத்தானே இருக்க என்றான். குத்திக்காட்டவில்லை, அவன் உண்மையாகவே அப்படித்தான் கணக்குத் தீர்த்திருந்தான், எனக்குக் கிடைத்த இந்த இரண்டாவது பிழைப்பு அவன் செய்ததற்குப் பிராயச்சித்தமாக எனக்கு வந்து சேர்ந்தமாதிரி. அடிக்கலாம் போல இருந்தது. அதே சமயம், நான் அவன் முன்னால் நின்று பேசும்போது அவன் என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதும் தெரிந்தது, சும்மா இல்லை, பேச்சு விளங்க வேண்டுமே.

"இப்ப இன்னா பண்ணப் போற?"

"டெஸ்ட் பண்ணப் போறேன்."

 எழுந்து தானே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். நான் வயரைச் சொருகினேன். ஹெட்ஃபோனை முதலில் என் காதில் மாட்டி ஒவ்வொன்றாகக் கேட்டேன், எல்லாம் ஒழுங்காக வந்தது. அவனுக்கு மாட்டிவிட்டேன். சட்டைக் காலருக்கு மேலே அவன் கழுத்து வெயிலில் கருத்து, வரிவரியாக, தொப்பிக்குக் கீழே எத்தனையோ மதியங்கள் வெந்த கழுத்து. ஆயிரத்தில் ஆரம்பித்தேன். நாற்பது, விளக்கு. முப்பது, ஒன்றுமில்லை. முப்பத்தைந்து, விளக்கு. இரண்டாயிரத்தில் நாற்பத்தைந்துக்கு ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் என் உதடு மடிந்தது, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன், தடுக்கப் பார்த்தேன், மடிந்தது, இனி யாருக்காக மடிகிறாய் என்று கேட்கத் தோன்றியது. நடுவில் நான் ஒன்றுமே கொடுக்காதபோது இரண்டு தடவை விளக்கு எரிந்தது, ஊகித்து அமுக்கிப் பார்க்கிறான். நாலாயிரம். முப்பது, நாற்பது, ஐம்பது. அவன் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே ஒரு நூல் இடைவெளியில் நின்றது. ஐம்பத்தைந்து. தலை மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. கன்னம் தெரிந்தது. மூக்கின் நுனி தெரிந்தது. இன்னும் ஒரு விரற்கடை திரும்பினால் என்னைப் பார்த்துவிடுவான், மைக்கில் திரும்பாதே என்று சொல்ல வேண்டும், சொல்ல வரவில்லை. அங்கேயே நிறுத்திக்கொண்டான். தானாகவே மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அறுபது. ஒன்றுமில்லை. ஒவ்வொன்றுக்கும் கொடுக்க வேண்டியதைவிட அதிக நேரம் கொடுத்தேன், அது மட்டும்தான் என்னால் முடிந்தது. எழுபதில் விளக்கு எரிந்தது.

மேஜையில் இரண்டு தாள்கள். ஒன்றில் மேசைவிரிப்பின் ஓரம் மாதிரி நேராக ஒரு கோடு, அது அவன் காது இல்லை, என் வாய். இன்னொன்றில் படிக்கட்டு. முதல் தாளை அவனும் பார்த்தான், பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டான், கேட்கவில்லை, கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அதை நாலாகக் கிழித்தேன். இரண்டாவதில் கையெழுத்துப் போட்டேன். காது மெஷின் வைத்துக்கொண்டால் ஒத்துக்கொள்வார்களா என்றான். சங்கத்தில் என்ன சொல்வார்கள் என்று தெரியாது, ஆனால் வைத்துக்கொண்டால் நன்றாகக் கேட்கும், அதையும் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது, கோவமாடா என்றான்.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லடா. விடு."

என் முகத்தைப் பார்த்தான். பழைய கண்ணால். "இப்பக்கூட மடிக்கிறடா" என்றான், இறங்கிப் போய்விட்டான். ஷேர் ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து ஹார்ன் அடித்தது, அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

ஒன்பதரை மணிக்கு வர வேண்டியவர் இன்னும் வரவில்லை. சட்டைப் பையில் பிஸ்கட் நொறுங்கியிருந்தது. உள்ளே போய், சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், அந்த அறையில் நம் இதயம் அடிப்பது நமக்கே கேட்கும், வேறொன்றும் கேட்காது. அவன் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. மூன்று சீசன், இருபத்தைந்து வருஷம், ஒரு ரோஸ் மில்க். இதையே சுற்றிச் சுற்றி வந்தேன், எத்தனை நாள் இப்படிச் சுற்றுவேன், இனிச் சாகிறவரைக்கும் சுற்றுவேன், கண்ணாடி வழியாக வெளியே அலமாரி தெரிந்தது, நாலு வருஷத்துத் தாள்கள், தடித்தடியாக, எல்லாம் என்னைப் பார்த்து உட்கார்ந்தவர்கள். எத்தனை பேருடைய கோடு அவர்களுடையது, எத்தனை பேருடையது என் உதட்டுடையது. சிரித்துக்கொண்டே இருப்பார் கமலவேணி டீச்சர். தலையைக் குனிந்துகொண்டார். நான் சொல்லாமல் விட்டால் எனக்கும் சௌகரியம்தான், யாருக்குத் தெரியப்போகிறது, தெரிந்த ஒருத்தனும் மெட்ராஸுக்கு பஸ் ஏறப் போய்விட்டான். எழுந்துபோய் டீச்சரின் தாளைத் தேடி எடுத்து, அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். மருமகள்தான் எடுத்தாள். அத்தையை நாளைக்கு ஒருதரம் கூட்டிக்கொண்டு வர வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும் என்றேன்.

"போன தடவ நல்லா இருக்குன்னீங்களே சார். மெஷின்ல கோளாறா?"

"மெஷின் நல்லாருக்கும்மா. தப்பு என்னுது. அவங்களுக்குக் காது கேக்கல, நான்தான் கேக்குதுன்னு எழுதிட்டேன்னு நினைக்கிறேன். நான் சொன்னேன்னு அவங்ககிட்ட இப்பவே சொல்லிடுங்க."

 போன் பிடிக்காத கையின் விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். மடியவில்லை, தன் இடத்தில் இருந்தது.